ஒரு கணினிக்குள் பல கணினிகள்

கூடுவிட்டுக் கூடு பாயும் சித்தர்களின் கதைகளை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். ஓர் உயிர் தன் உடலை ஓரிடத்தில் கிடத்திவிட்டு வேறோர் உடலிற் புகுந்து உலவும் என்பது அக்கதைகளின் சாரம். கணினி உலகம் அதனினும் ஒருபடி மேலே சென்றுவிட்டது. ஓர் உடலுக்குள்ளேயே பல உடல்களைப் படைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயிரை ஒரே நேரத்தில் உலவவிடுகிறது. அப்படிப் படைக்கப்படும் உடலுக்கு ‘மெய்நிகர் இயந்திரம்’ என்று பெயர். அதை நம் வீட்டு மேசைக் கணினியில் அமைப்பது எவ்வாறு, அதனால் விளையும் பயன் யாது, அதைக் கையாளும்போது கருத்தில் வைக்க வேண்டியவை எவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் வேண்டும்?

மோதி பாக், நானக்புரா, சத்ய நிகேதன் ஆகிய பகுதிகளில் தங்கிப் படிக்கும் நம்மிற் பலருக்குச் சொந்தக் கணினி கிடையாது. இருந்தாலும் அது ஒன்றே ஒன்றாக இருக்கும். அதையும் வீட்டார் பலர் பகிர்ந்துகொள்வார்கள். நான் மோதி பாக்கில் அண்ணன் குடும்பத்தோடு அரசுக் குடியிருப்பில் வசிக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே மேசைக் கணினி. அண்ணனின் வருமானவரிக் கணக்கு, அண்ணி பாடம் சொல்லிக்கொடுக்க எழுதி வைத்த குறிப்புகள், பிள்ளைகளின் புகைப்படங்கள் ஆகிய யாவும் அதிலேதான் இருக்கின்றன. எனக்கோ பாடத்திற்கு லினக்ஸ் இயங்குதளம் வேண்டும். விண்டோசை அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றுகிறேன் என்று சொன்னால் வீட்டில் யார் ஒப்புக்கொள்வார்கள்? வன்வட்டைப் பிரித்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பிரிக்கும்போது கை தவறினால் பல ஆண்டுச் சேமிப்பு பறிபோகும். மேலும், ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்து ஏற்ற வேண்டும்.

மெய்நிகர் இயந்திரத்தில் இத்தொல்லை இல்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் சன்னல் ஒன்றுக்குள் லினக்ஸ் முழு அளவில் ஓடும். அங்கே நான் எதை உடைத்தாலும் அண்ணனின் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இது நடப்பது எப்படி?

ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு விடுவதாகக் கொள்வோம். குடிவந்தவர் தம் பகுதியையே ஒரு முழு வீடாகக் கருதி வாழ்கிறார். ஆயினும் குழாய்க்கு வரும் தண்ணீரும் விளக்குக்கு வரும் மின்சாரமும் வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்தே வருகின்றன. கணினியிலும் இதுவே நிகழ்கிறது. முதலில் இருக்கும் இயங்குதளத்தை ஹோஸ்ட் என்பர், அது வீட்டுக்காரர். உள்ளே ஏற்றப்படும் இயங்குதளத்தைக் கெஸ்ட் என்பர், அது குடியிருப்பவர். இருவருக்கும் நடுவே நின்று பங்கீட்டைக் கவனிக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

கெஸ்ட் தன்னிடம் ஒரு வன்வட்டு இருப்பதாக நம்புகிறது. உண்மையில் அது ஹோஸ்டின் வட்டிலுள்ள ஒரு பெரிய கோப்பு. தன்னிடம் பிணைய அட்டை இருப்பதாக நம்புகிறது. அதுவும் மென்பொருள் நடிக்கும் நடிப்பே. ஆனால் கணக்குப்போடும் வேலையை மட்டும் உண்மையான புராசசரே நேரடியாகச் செய்கிறது. கெஸ்டின் சாதாரணக் கட்டளைகள் தடையின்றி ஓடும். இயந்திரத்தின் அடிப்படை நிலையையே மாற்றக்கூடிய கட்டளை வந்தால், உடனே ஆட்சி ஹைப்பர்வைசரின் கைக்குச் செல்லும். அது தக்கதைச் செய்து முடித்து, ஆட்சியைக் கெஸ்டிடம் திருப்பித் தரும். பெரும்பாலான கட்டளைகள் நேரடியாக ஓடுவதால்தான் வேகம் அதிகம் குறைவதில்லை.

வரலாற்றுச் சுருக்கம்

இது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் நிலையத்தில் 1964-ஆம் ஆண்டளவில் இதற்கான வேலை தொடங்கியது. சி.பி.-40 என்னும் அமைப்பு 1967-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அக்காலத்துப் பெருங்கணினி ஒன்றின் விலை மிகுதி. அதனால் ஒன்றையே பலர் பகிர வேண்டும். ஆயினும் ஒவ்வொருவரும் தனிக்கணினி பெற்றாற்போல் வேலை செய்ய வேண்டும். அத்தேவையே இதைப் பிறப்பித்தது. 1972-இல் ஐ.பி.எம். இதை வி.எம்./370 என்ற பெயரில் வணிகப் பொருளாகவே வெளியிட்டது.

1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்னும் இரு அறிஞர்கள் ஓர் இலக்கணம் வகுத்தனர். இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் ஹைப்பர்வைசரிடம் பிடிபட வேண்டும். அப்போதுதான் மெய்நிகர் இயந்திரத்தைக் குறையின்றி அமைக்க முடியும் என்பது அதன் கருத்து. நம் மேசைக் கணினிகளின் புராசசர்கள் நெடுங்காலம் இந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. பெண்டியத்தில் பிடிபடாமல் நழுவும் கட்டளைகள் 17 உள்ளன என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியைக் கையாண்டு, 1999-இல் மேசைக் கணினிக்கான தன் மென்பொருளை வெளியிட்டது. பின்னர் இன்டெல் 2005-இலும் ஏ.எம்.டி. 2006-இலும் புராசசருக்குள்ளேயே இவ்வசதியைப் பதித்தன. பெருங்கணினிக்கே உரியதாயிருந்த வித்தை அன்று முதல் நம் வீட்டு மேசைக்கு எளிதில் வந்து சேர்ந்தது.

நாம் வாழும் தில்லியிலும் இதன் ஆட்சி பெரிது. தேசியத் தகவலியல் மையம் 2014-இல் மேகராஜ் என்னும் மேகக் கணிமைத் திட்டத்தின்கீழ்த் தேசிய மேகத்தைத் தொடங்கியது. அரசுத் துறையொன்று இணையதளம் நடத்த வேண்டுமானால், தனியே ஒரு கணினி வாங்கி வைப்பதற்குப் பதில், அங்கே ஒரு மெய்நிகர் இயந்திரத்தைப் பெற்றுக்கொள்ளலாம். நாம் வீட்டில் சிறிதாகச் செய்து பழகுவதே அங்கே பெரிதாக நடக்கிறது. ஆகவே இப்பழக்கம் நாளை வேலைக்கும் உதவும் என்பதில் ஐயமில்லை.

முன்னேற்பாடு

முதற்கண் கணினியின் தகுதியை அறிய வேண்டும். விண்டோசில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு.வைப் பார்த்தால், விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே நிலை எழுதியிருக்கும். முடக்கப்பட்டிருந்தால் கணினியை மீண்டும் ஏற்றி, பயாஸ் பகுதிக்குள் நுழைந்து இயக்க வேண்டும். இன்டெல் கணினியில் அது வி.டி.-எக்ஸ் என்றும், ஏ.எம்.டி. கணினியில் எஸ்.வி.எம். என்றும் இருக்கும்.

அடுத்தது நினைவகம். எட்டு ஜி.பி. இருந்தால் கெஸ்டுக்கு மூன்று அல்லது நான்கு கொடுக்கலாம். பாதிக்கு மேல் கொடுப்பது தகாது. வீட்டுக்காரரே தண்ணீரின்றித் தவித்தால் குடியிருப்பவருக்கு யார் ஏற்றித் தருவார்கள்? நான்கு ஜி.பி. மட்டுமே உள்ள கணினியில், குறைந்த நினைவகத்தில் ஓடும் இலேசான லினக்ஸ் வகையைத் தேர்ந்துகொள்க. வன்வட்டில் 30 ஜி.பி. அளவு காலியிடம் இருத்தல் நலம்.

மூன்றாவது மென்பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் என்பது மாணவருக்கு ஏற்றது. அதன் அடிப்படைப் பொதி திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸையே ஹோஸ்டாக வைத்திருப்போர் கே.வி.எம்.மைப் பயன்படுத்தலாம், அது 2007 முதல் லினக்ஸ் கருவிலேயே அடங்கியுள்ளது.

நான்காவது, ஏற்ற வேண்டிய இயங்குதளத்தின் ஐ.எஸ்.ஓ. கோப்பு. டெபியன், உபுண்டு எதுவாயினும் ஆகுக. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருக்கிறது. தமிழ் முதலிய இந்திய மொழிகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது அது. எதை இறக்கினாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குக. அங்கே ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இறக்கிய கோப்புக்கு நம் கணினியில் அதே எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது என்று பொருள். பலர் இதைச் செய்வதில்லை. பின்னர் பாதியில் நின்ற நிறுவலோடு இரவெல்லாம் போராடுகிறார்கள்.

அமைக்கும் முறை

1. விர்ச்சுவல்பாக்ஸில் ‘நியூ’ என்னும் பொத்தானை அழுத்திப் பெயரும் இயங்குதள வகையும் தருக. வகையைச் சரியாகக் கொடுத்தால், அதற்கு ஒத்துவரும் உறுப்புகளை மென்பொருளே தேர்ந்துகொள்ளும்.

2. நினைவகத்தையும் புராசசர் எண்ணிக்கையையும் குறிப்பிடுக. நான்கு கோர் உள்ள கணினியில் இரண்டு போதும்.

3. மெய்நிகர் வட்டு ஒன்றை உண்டாக்குக. தேவைக்கேற்ப வளரும் வட்டு, முழு அளவையும் முதலிலேயே பிடித்துக்கொள்ளும் வட்டு என இருவகை உண்டு. முன்னதே நமக்குப் போதும். 25 ஜி.பி. என்று குறித்தாலும், கெஸ்ட் எழுத எழுதத்தான் கோப்பு பெருக்கும். ஆனால் கெஸ்டுக்குள் கோப்புகளை அழித்தால் அது தானாகச் சுருங்குவதில்லை என்பதையும் அறிக.

4. ஐ.எஸ்.ஓ. கோப்பை மெய்நிகர் குறுவட்டாகச் செருகி, இயந்திரத்தை இயக்குக. நிறுவும் நிரல் ‘வட்டு முழுவதையும் அழிக்கலாமா?’ என்று கேட்கும். அஞ்ச வேண்டா. அது கேட்பது மெய்நிகர் வட்டைப் பற்றியே; வீட்டார் கோப்புகள் அதன் கண்ணுக்கே தெரியா.

5. சுட்டி கெஸ்டின் சன்னலுக்குள் சிக்கிக்கொண்டால், வலப்பக்கத்துக் கண்ட்ரோல் விசையை அழுத்துக, வெளியே வந்துவிடும்.

6. நிறுவி முடித்தபின் கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் துணைப் பொதியை ஏற்றுக. திரையின் அளவு சன்னலுக்கேற்ப மாறவும், வெட்டி ஒட்டவும், ஒரு கோப்புறையை இரு பக்கமும் பகிரவும் அதுவே வழி.

விண்டோசில் ஹைப்பர்-வி அல்லது மெமரி இன்டெக்ரிட்டி இயங்கிக்கொண்டிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன்மேல் சவாரி செய்ய நேர்ந்து வேகம் குன்றும். அப்போது சன்னலின் கீழ்வரிசையில் பச்சை ஆமை ஒன்றின் படம் தோன்றும். ‘ஏன் இவ்வளவு மந்தம்?’ என்று வியப்போர் முதலில் அந்த ஆமையைத் தேடுக.

வெளி உலகத் தொடர்பு

கெஸ்டை இணையத்தோடு இணைக்கப் பல வழிகள் உண்டு. அவற்றுள் மூன்றை அறிந்தால் போதும். முதலாவது நாட். வாயிற்காவலர் உள்ள குடியிருப்பு போன்றது இது. உள்ளிருப்போர் வெளியே போய் வரலாம். அழைக்காத அயலார் உள்ளே வர முடியாது. சாதாரண வேலைக்கு இதுவே சிறந்தது. இரண்டாவது பிரிட்ஜ். இங்கே கெஸ்ட் தெருவைப் பார்த்த தனி வாசல் பெற்றுவிடுகிறது. வீட்டு வைஃபையிலுள்ள மற்றக் கருவிகள் அதை நேரே அணுகலாம். சர்வர் அமைத்துப் பழகுவோருக்கு இது வேண்டும். விடுதியின் பொது வைஃபையில் இதைத் திறந்துவைப்பது அறிவுடைமையன்று. மூன்றாவது, ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் இடையே மட்டும் பேச்சு நடக்கும் ஹோஸ்ட்-ஒன்லி. பிணையத்தை முற்றிலும் துண்டித்து வைக்கவும் முடியும். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

காலத்தைத் திருப்புதல்

மெய்நிகர் இயந்திரத்தின் பெருஞ்சிறப்பு ஸ்னாப்ஷாட். இயந்திரத்தின் இந்த நொடி நிலையை அப்படியே பதிந்து வைப்பது அது. அதன்பின் புதியதொன்றை ஏற்றிப் பார்க்கலாம். அமைப்புக் கோப்பைத் திருத்திப் பார்க்கலாம். கெட்டுப்போனால் பழைய நிலைக்கு ஒரு நிமிடத்தில் திரும்பலாம். பயமின்றிப் பயிலும் உரிமையை இது நமக்குத் தருகிறது. உடைத்துப் பார்த்தே கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால் அது இயங்குதளம்தான். சொந்தக் கணினியை உடைக்கத் துணியாத ஏழை மாணவனுக்கும் இதனால் அப்பாடம் கைவருகிறது.

ஆனால் ஸ்னாப்ஷாட்டை யாரும் காப்புப்படி என்று எண்ணிவிடல் ஆகாது. அடிப்படை வட்டுக் கோப்பு ஒன்றிருக்க, பிறகு நேர்ந்த மாற்றங்கள் தனிக் கோப்பில் எழுதப்படுகின்றன; அவ்வளவே. இரண்டும் ஒரே வன்வட்டில் இருப்பதால், அது பழுதானால் இரண்டும் போகும். ஸ்னாப்ஷாட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் இடமும் தீரும். காப்புப்படி வேண்டுமானால், இயந்திரத்தை அணைத்து, ஓ.வி.ஏ. கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு வட்டில் வைக்க வேண்டும். அதே கோப்பை நண்பருக்குக் கொடுத்தால், அவர் கணினியிலும் அதே இயந்திரம் எழுந்து நிற்கும்.

நம் இதழுக்கு நேர்ந்த நன்மை

இனி, நான் நேரில் கண்ட ஒரு பயனைக் கூறுவேன். நம் மன்றத்தின் பழைய பெட்டியில் குறுவட்டுகள் சில இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த மூன்று இதழ்கள் அவற்றில் பேஜ்மேக்கர் கோப்புகளாக இருந்தன. அச்சுப்படி எவரிடமும் இல்லை. அவ்விதழ்களில், மோதி பாக்கின் பழைய அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ் முதியோர் சிலரின் நேர்காணல்கள் இருக்கின்றன என்பது மட்டும் பொருளடக்கத் தாளால் தெரிந்தது. இன்று அப்பழைய குடியிருப்புகளில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் புதிய மோதி பாக் எழுந்துவிட்டது. பேசியவர்களை மீண்டும் பேசச் செய்ய வழியில்லை.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. இன்று அதை ஆக்குவாரும் இல்லை, விற்பாரும் இல்லை. ஆனால் மன்றம் அக்காலத்தில் உரிமத்தோடு வாங்கிய பேஜ்மேக்கரும் விண்டோஸ் எக்ஸ்பியும் அதே பெட்டியில் இருந்தன. வெளி டிரைவ் ஒன்றைக் கொண்டு குறுவட்டுகளை ஐ.எஸ்.ஓ. கோப்புகளாக்கினேன். 512 எம்.பி. நினைவகமும் 10 ஜி.பி. வட்டும் உள்ள ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் எக்ஸ்பியை ஏற்றினேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றுவிட்டன. ஆகையால் அதன் பிணையத்தைத் தொடக்கத்திலேயே துண்டித்துவிட்டேன். பழைய எழுத்துருக்களை நிறுவியதும் பக்கங்கள் அன்று அச்சேறிய வடிவிலேயே திரையில் விரிந்தன.

ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. அக்காலத்து எழுத்துருக்கள் யூனிகோடு முறையைச் சார்ந்தவை அல்ல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியீடுகள் ஒருபுறம், டிஸ்கி ஒருபுறம், ஒவ்வொரு நிறுவனத்தின் தனிக் குறியீடு ஒருபுறம் என அன்று பல முறைகள் வழங்கின. அவை எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பவை. ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, ‘க’, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்றாக வைக்கும். யூனிகோடோ முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி என்று ஒலிக்கும் முறையில் வைக்கும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆகவே பழைய எழுத்தை மாற்றினால் அன்றித் தேடவோ, கைப்பேசியில் படிக்கவோ இயலாது.

எக்ஸ்பிக்குள் கட்டுரைகளை வெற்று எழுத்துக் கோப்புகளாக ஏற்றுமதி செய்தேன். அவற்றை வெளிக்கொணரப் பிணையம் இல்லையே என்பீர்கள். இரண்டாவதாக ஒரு சிறிய மெய்நிகர் வட்டை இணைத்து, அதில் எழுதி, எக்ஸ்பியை அணைத்து, அவ்வட்டைக் கழற்றி, லினக்ஸ் இயந்திரத்தில் மாட்டினேன். ஒரே வட்டை இரு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் எழுதக் கூடாது என்பதே இதில் விதி. லினக்ஸில் குறியீடு மாற்றும் நிரல் ஒன்று எழுத்துகளை யூனிகோடாக்கியது. மெய்ப்புப் பார்க்க எங்கள் நால்வருக்கு மூன்று வாரம் பிடித்தது. இன்று அந்நேர்காணல்கள் மன்றத்தின் சேமிப்பில் எல்லோரும் படிக்கும் வடிவில் உள்ளன. குளிரில் தமிழ்க் கடை தேடி நடந்த கதையையும், ஊருக்குப் போக இரயிலில் நாட்கணக்கில் அமர்ந்த கதையையும் அவற்றில் நீங்கள் படிக்கலாம்.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, மெய்நிகர் இயந்திரம் உரிமச் சட்டத்துக்கு விலக்கன்று. உள்ளே ஏற்றும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிமம் வேண்டும். இரண்டாவது, சுவர் உறுதியானதுதான்; ஆனால் நாமே கதவைத் திறந்துவைத்தால் சுவரால் என்ன பயன்? பகிர்ந்த கோப்புறையில் எழுதும் அனுமதி தந்தால், கெஸ்டில் புகுந்த நச்சு நிரல் அதன் வழியே ஹோஸ்டின் கோப்புகளைக் கெடுக்கக்கூடும். வேண்டும்போது மட்டும் பகிர்க. படிக்க மட்டும் அனுமதி போதுமாயின் அதையே தருக. மூன்றாவது, ஹைப்பர்வைசரிலும் ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆதலால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்காவது, கோடையில் திடீரென மின்சாரம் போவதுண்டு. இயந்திரம் ஓடும்போது மின்சாரம் நின்றால் மெய்நிகர் வட்டும் கெடலாம். யு.பி.எஸ். இல்லாதோர் நீண்ட வேலைகளை இடையிடையே சேமித்துக்கொள்க.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. நம் வீடுகளிலுள்ள பல கணினிகள் இனி லினக்ஸுக்கு மாற நேரும். அப்படி மாறுவதற்கு முன், மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு மாதம் பழகிப் பார்த்தால், ஆழம் தெரியாமல் காலை விட்ட குறை இராது. அம்மாறுதலுக்குப் பின்னும் பழைய மென்பொருள் ஏதேனும் தேவைப்பட்டால், அதை உள்ளே குடியமர்த்திக்கொள்ளலாம்.

லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே கேட்க விரும்புவோர், மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களை நாடலாம். இந்த வார விடுமுறையில் நண்பர் இருவர் சேர்ந்து ஒரு கணினியில் தொடங்குக. பழைய குறுவட்டோ, பென்டிரைவோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அதை எறிந்துவிடாமல் மன்றத்துக்குக் கொண்டு வருக. வட்டின் பூச்சு ஆண்டுக்காண்டு அழிந்துவருகிறது. அது படிக்கும் நிலையில் இருக்கும்போதே எடுத்து வைத்துவிட்டால், அதைத் திறக்கும் இயந்திரத்தை நாம் எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம்.